காலி அறை இல்லாத ஊரில் ஒரு காலி அறை

5

அந்த வாரம் ஜார்ஜியாவின் எல்லை ஊரான பத்தூமியில் அறை கேட்டவனை ஊரே ஏற இறங்கப் பார்த்தது. கடற்கரை கேசினோக்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து சீட்டாட்டப் போட்டி வைத்திருந்தன. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துருக்கிக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். ஹோட்டல்கள் நிரம்பின. ஹோட்டல் என்று பொய் சொல்லும் வீடுகள் நிரம்பின. 'கடல் தெரியும் அறை' என்று விளம்பரம் செய்துவிட்டு, கழிவறை ஜன்னலில் எக்கி நின்றால் மட்டும் ஒரு கீற்றுக் கடலைக் காட்டும் மோசடி அறைகளும் நிரம்பின. ரயில் நிலைய வாசலில் 'அறை' என்று அட்டையில் எழுதிப் பிடித்தபடி நிற்கும் பெண்மணிகளைக்கூடக் காணவில்லை. அட்டையை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஜும்பெருக்கு இதெல்லாம் அத்துப்படி. பதினாறு வருடம் டாக்சி ஓட்டியவன். இரண்டு வருடமாகத் தனியார் துப்பறிவாளர் மக்வாலா போல்க்வாட்ஸேவிடம் உதவியாளனாக இருக்கிறான். உதவி என்றால் கார் ஓட்டுவது, துருக்கி மொழி பேசுவது, வேண்டாத நேரத்தில் வாயைத் திறப்பது.

மக்வாலாவுக்கு ஐம்பத்தாறு வயது. துப்பறிய வருவதற்கு முன் இருபது வருடம் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவு மேற்பார்வை. கசங்கிய படுக்கை விரிப்பைப் பார்த்தே அதில் படுத்தவன் கல்யாணமானவனா, யாரோடு வந்தான், எதற்குப் பொய் சொன்னான் என்று சொல்லிவிடுவார். போலீஸ்காரர்கள் இவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். மரியாதை ஒன்றுமில்லை, பாதிப் பேர் அந்த ஹோட்டலில் தங்கியவர்கள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் எதிரில் துருக்கிப் பக்கம் ஹோபா ஊரிலிருந்து வந்த செவ்கியே உட்கார்ந்திருந்தாள். எல்லை ஊர்க்காரி, ஜார்ஜிய மொழியும் பேசுவாள். தலையில் பூப்போட்ட துணி, மடியில் கைப்பை, கண்ணில் தூக்கமில்லாத சிவப்பு.

"என் வீட்டுக்காரர் புதன்கிழமை இங்க வந்தார் அக்கா. ஹேசல் கொட்டை காய வைக்கிற மெஷினுக்கு ஏதோ உதிரி பாகம் வாங்கணும்னு சொல்லிட்டு வந்தார்."

"பத்தூமியில அந்த மெஷினுக்கு உதிரி பாகமே கிடையாது அண்ணி," என்றான் ஜும்பெர். "பத்தூமி கேசினோவுல சுத்துற சக்கரம்தான் கிடைக்கும்."

"எனக்கு மட்டும் தெரியாதா தம்பி? இருபத்தாறு வருஷமா அந்த மெஷின் ரிப்பேர்தான்." செவ்கியே கோபப்படக்கூட இல்லை. "போகட்டும், போயிட்டு வரட்டும்னு விட்டுடுவேன். மறுநாள் வந்து நிப்பார். இந்தத் தடவை வரல. புதன் ராத்திரிக்கப்புறம் பேசவே இல்ல, இப்போ போனும் அணைஞ்சு கிடக்கு. இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு கேட்டு வர்றாங்க. இல்க்நூர் எங்களுக்கு ஒரே பொண்ணு."

ஜும்பெருக்கு விஷயம் விளங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்கள் பெண் கேட்டு வந்தால், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் எழுந்து கடவுள் பெயரைச் சொல்லிப் பெண்ணைக் கேட்பார். பெண்ணைப் பெற்றவன் வாயால் 'கொடுத்தோம்' என்று சொல்ல வேண்டும். அந்த நாற்காலி காலியாக இருந்தால் வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அப்புறம் அந்தப் பெண்ணைப் பற்றி ஊர் பேசும்.

"போலீஸுக்குப் போனியா?" என்றார் மக்வாலா.

"போனேன். 'கேசினோவுக்கு வந்தவன் கேசினோவுலதான் இருப்பான், ஜெயிச்சா வருவான், தோத்தாலும் வருவான்'னு சொல்லி டீ குடுத்து அனுப்பிட்டாங்க."

"டீ குடுத்தாங்களே, அதுவே பெருசு," என்றான் ஜும்பெர்.

"கடைசியா என்ன சொன்னார்?"

செவ்கியே தன் போனை எடுத்தாள். இரண்டு குரல் செய்திகள். முதலாவது புதன் இரவு எட்டு மணிக்கு வந்தது. பெருமூச்சும் எரிச்சலுமாக ஒரு ஆண் குரல்: "செவ்கியே, ஊர் முழுக்க அலைஞ்சுட்டேன், எங்கயும் ரூம் இல்ல. பொட்டி மாதிரி ஒரு ரூமுக்குக்கூட ஆள் வரிசையில நிக்கிறான். கடைசி பஸ்ஸைப் பிடிச்சு வந்துடுறேன்."

இரண்டாவது ஒன்றேகால் மணி நேரம் கழித்து. அதே குரல், ஆனால் ஆளே மாறியிருந்தார். "செவ்கியே! ரூம் கிடைச்சிருச்சு! கடல் தெரியுது! லிஃப்ட்ல காசு போட்டாத்தான் மேல ஏறுது, சிரிப்பா இருக்கு. நீ தூங்கு, நாளைக்குப் பேசுறேன்." அவர் குரலுக்குப் பின்னால் மெல்லிசாகத் தொழுகை அழைப்பு கேட்டது. அதோடு முடிந்தது.

மக்வாலா இரண்டையும் இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்காமல் எழுந்து கோட்டை மாட்டினார்.

"எல்லையில சனிக்கிழமை கூட்டம் எப்படிடா?"

"கார்ல போனா மூணு மணி நேரம், கம்மியா சொன்னா. அந்தப் பக்கம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால, அது நமக்கு லாபம். எப்படிப் பார்த்தாலும் நாலு மணிக்கு இங்கிருந்து கிளம்பலைன்னா, அண்ணிதான் காபியும் போடணும், அழவும் அழணும்."

"அப்போ அஞ்சு மணி நேரம் இருக்கு. கிளம்பு."

*

'தங்கத் துடுப்பு' கேசினோவின் ஹோட்டல் வரவேற்பறையில் செருப்புச் சத்தம் கேட்காத அளவுக்குக் கம்பளம் விரித்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் பளபளவென்று ஒரு இளைஞன். அவன் டையில் குட்டித் துடுப்பு ஒன்று மின்னியது. அவன் முன்னால் ஒரு குடும்பம் நின்றது: அப்பா, அம்மா, தூங்கி வழியும் இரண்டு குழந்தைகள், ஆறு பெட்டி.

"மன்னிக்கணும் சார். செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஒரு அறையும் இல்ல."

"நான் ரெண்டு மாசம் முன்னாடியே பதிவு பண்ணினேன்யா!"

"பதிவு இருக்கு சார். அறைதான் இல்ல."

ஜும்பெர் ரசித்துப் போனான். இப்படி ஒரு பதிலைச் சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு நிற்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். டாக்சி ஓட்டிய காலத்தில் இது தெரிந்திருந்தால் எத்தனை சண்டையைத் தவிர்த்திருக்கலாம்.

மக்வாலா செவ்கியேவின் புருஷன் நெஜ்தெத்தின் புகைப்படத்தை நீட்டினார். இளைஞன் பார்ப்பது போல் பார்த்தான்.

"விருந்தினர் விவரத்தை வெளியில சொல்ற வழக்கம் இல்ல மேடம்."

"சரி. எனக்கு ஒரு அறை குடு."

"ஒரு அறையும் இல்ல மேடம்."

"இவனை நிக்க வச்சே தூங்க வச்சுடலாம், துடைப்பம் வைக்கிற அறை இருந்தாக்கூடப் போதும்," என்று ஜும்பெரைக் காட்டினார் மக்வாலா.

"துடைப்பத்துக்கும் ஆள் இருக்கு மேடம்."

மக்வாலா கோபித்துக்கொள்ளவில்லை. போய் ஒரு சோபாவில் உட்கார்ந்தார். ஜும்பெர் பக்கத்தில் உட்கார, செவ்கியே சோபா நுனியில் கைப்பையைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

"அக்கா, நேரம் போகுது," என்றான் ஜும்பெர்.

"வாயை மூடிட்டு அந்தக் கதவைப் பாரு."

அது கேசினோ கூடத்திலிருந்து வரும் கதவு. இருபது நிமிடத்தில் அதன் வழியாகப் பதினாலு பேர் வந்தார்கள். பதிமூன்று பேர் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேசைக்குப் போய் அறை கேட்டார்கள், இல்லை என்ற பதிலை வாங்கிக்கொண்டு வெளியே போனார்கள். பதினாலாவது ஆள் ஒரு குண்டு மனிதர். முகமெல்லாம் வியர்வை, சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது, தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார். அவர் மேசைப் பக்கமே திரும்பவில்லை. நேரே தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தார். துடுப்பு டைக்காரன் மேசையைச் சுற்றி ஓடி வந்து அவரை வாசலில் மறித்தான்.

"சார், சார்! இந்நேரத்துக்கு ஊருக்குக் கிளம்பி என்ன பண்ணப் போறீங்க? உங்களுக்கு ஒரு அறை எடுத்து வச்சிருக்கோம். எங்க அன்பளிப்பு. கடல் தெரியும். ரெண்டு ராத்திரி இருந்து ஓய்வெடுத்துட்டுப் போங்க."

அவர் கையில் ஒரு சாவியைத் திணித்தான். ஆறு பெட்டிக் குடும்பத்தின் தலைவர் இதைப் பார்த்தபடி வாயைத் திறந்து நின்றார்.

"ஆஹா," என்றான் ஜும்பெர் மெதுவாக.

"புரிஞ்சுதா?"

"தோத்தவன் ரூமைத் தேடி அலையிறான். ஜெயிச்சவனை ரூம் தேடி ஓடி வருது."

"ஜெயிச்சவன் பஸ் ஏறிட்டா காசும் பஸ் ஏறிடும். அவன் இந்த ஊர்லயே ரெண்டு ராத்திரி தூங்கினா, மூணாம் நாள் காசு இங்கயே வந்து சேர்ந்துடும். அதுக்குத்தான் கடல் தெரியுற ஜன்னல்." மக்வாலா செவ்கியே பக்கம் திரும்பினார். "எட்டு மணிக்கு ரூம் இல்லைன்னு ஊருக்குக் கிளம்பின மனுஷனுக்கு, ஒன்பதேகாலுக்கு ரூம் கிடைச்சிருக்கு. பஸ்ஸுக்கு நேரம் இருக்கேன்னு நடுவுல ஒரு ஆட்டம் போட்டிருக்கார். உன் புருஷன் புதன்கிழமை ராத்திரி ஜெயிச்சிருக்கார்மா."

செவ்கியேவின் முகத்தில் சந்தோஷம் ஒரு பொட்டும் இல்லை. "ஐயோ," என்றாள். "தோத்திருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரே."

*

காரில் ஏறியதும் ஜும்பெர் கேட்டான்: "இந்த ஹோட்டல் மாடியிலேயே இருக்காரா? கதவு கதவாத் தட்டலாமா?"

"சாவியைப் பார்த்தியா? ஹோட்டலுக்கு அட்டைச் சாவி. அந்த குண்டு மனுஷன் கையில திணிச்சது சாதாரண வீட்டுச் சாவி, நீல நாடா கட்டினது. ஹோட்டல்ல நிஜமாவே இடம் இல்ல. ஊருக்குள்ள வீடு வாடகைக்கு விடுறவங்க கிட்ட அறை எடுத்து வச்சிருக்கான்."

"அப்போ பத்தூமி முழுக்கத் தேடணுமா? கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடலாம்."

"லிஃப்ட்ல காசு போட்டாராமே."

ஜும்பெர் ஸ்டியரிங்கைத் தட்டினான். கடற்கரையில் முளைத்த கண்ணாடிக் கோபுரங்களில் எந்த லிஃப்டும் காசு கேட்காது. உண்டியல் வைத்த லிஃப்ட் பழைய சோவியத் காலக் குடியிருப்புகளில்தான். மேலே போக இருபது தெத்ரி சில்லறை, கீழே வர இலவசம்.

"கேசினோவுக்கு நேர் எதிர் அக்கா அது. அங்க மேல ஏறுறது இலவசம், கீழ இறங்கும்போதுதான் உருவுவான்."

"பேச்சுல குறைச்சல் இல்ல. பழைய குடியிருப்பு எத்தனை இருக்கு?"

"நூறு இருக்கும். ஆனா பின்னால பாங்குச் சத்தம் கேட்டுதே! மசூதி ஊருக்கு நடுவுல. அதுக்குப் பக்கத்துல, கடல் தெரியுற உயரத்துல, பழைய கட்டடம்..." டாக்சிக்காரன் மூளைக்குள் தெருத் தெருவாக வண்டி ஓட்டிப் பார்த்தான். "ஒரே ஒரு ஒன்பது மாடிக் குடியிருப்பு. நாலு வாசல்."

"நாலு வாசல், ஒன்பது மாடி, மாடிக்கு நாலு வீடு," என்றார் மக்வாலா. "நூத்து நாப்பத்து நாலு கதவு. ஒண்ணைத் தட்டுறதுக்குள்ள மத்த நூத்து நாப்பத்து மூணுக்கும் சேதி போயிடும். வேற வழி பார்ப்போம்."

அந்த வேறு வழி, குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இறைச்சிக் கடை வைத்திருந்த துரிகோ என்ற மீசைக்காரர். மக்வாலா விசாரணையை விசாரணை மாதிரி ஆரம்பிப்பதில்லை. ஒரு கிலோ பன்றி விலா கேட்டார்.

"எவ்வளவு வேணும்னாலும் இருக்கு," என்றார் துரிகோ. "இந்த வாரம் பன்றி தேங்கிப் போச்சு."

"ஏன், கிராக்கி குறைஞ்சுதா?"

"என் பெரிய வாடிக்கை ஒண்ணு கவுந்துடுச்சே! நாலாம் வாசல் ஒன்பதாம் மாடி நாதெலா. பதினஞ்சு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை பன்றி வாங்குவா. அவ புருஷன் அன்சோர் அது இல்லாமச் சோத்துல கை வைக்க மாட்டான். வியாழக்கிழமை காலையில வந்து மாட்டுக் கறி கேக்குறா. சரி, மாறுதலுக்குன்னு குடுத்தேன். வெள்ளிக்கிழமையும் மாட்டுக் கறி! இன்னிக்குக் காலையிலயும்! அன்சோருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையான்னு கேட்டேன். முறைச்சுட்டுப் போறா."

மக்வாலா பன்றி விலாவை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். வெளியே வந்ததும் செவ்கியேவிடம் கேட்டார்: "உன் புருஷன் பன்றி சாப்பிடுவாரா?"

"அல்லா! சூதாடுவார், குடிப்பார், பொய் சொல்லுவார். பன்றி தொட மாட்டார்."

"கொள்கைன்னு ஒண்ணு வேணும்ல மனுஷனுக்கு," என்றான் ஜும்பெர்.

*

மணி இரண்டரை. நாலாம் வாசலின் லிஃப்டில் மூவரும் நெருக்கியடித்து நின்றார்கள். ஜும்பெர் உண்டியலில் நாணயம் போட்டான். லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறியது. அவன் கோட்டுக்குள் கார் ஜாக்கியின் இரும்புக் கம்பி இருந்தது. மூன்று நாளாக ஒரு மனுஷனை அடைத்து வைத்திருக்கும் வீடு, யார் எவர் இருப்பார்களோ. பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற ஜாதி இல்லை அவன்.

"அக்கா, நான் முதல்ல உள்ள பாயறேன். நீங்க பின்னாலேயே அண்ணியைக் கூட்டிட்டு வாங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா காரை என் தங்கச்சிக்குக் குடுத்துடுங்க."

"உன் தங்கச்சி என்ன பாவம் பண்ணினா?"

ஒன்பதாம் மாடி. கதவுக்குப் பின்னால் ஆண்கள் பேசும் சத்தம், கண்ணாடிக் கோப்பைகள் மோதும் சத்தம். ஜும்பெர் மணியை அடித்தான். கதவு ஒரு கை அகலம் திறந்ததுதான் தாமதம், தோளால் இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தான்.

"யாரும் அசையக் கூடாது! அந்த மனுஷனை விடுங்க!"

கதவைத் திறந்த பெண்மணி, அதாவது நாதெலா, அவனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பின்னால் நின்ற செவ்கியேவின் தலைத்துணியைப் பார்த்தாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, செவ்கியேவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"நீதான் அவர் பொண்டாட்டியா? ஆண்டவரே! இத்தனை நேரம் எங்கம்மா போயிருந்தே? கூட்டிட்டுப் போம்மா! உனக்குப் புண்ணியமாப் போகும், கூட்டிட்டுப் போ!"

ஜும்பெர் கம்பியை ஓங்கியபடியே நின்றான். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கீழ இறக்குடா," என்றார் மக்வாலா. "வாசல்ல எத்தனை ஜோடி செருப்பு இருக்கு பார்த்தியா? ஏழு. அங்க பாரு, சமையலறையில தரையில மூணு படுக்கை. கைதியைப் பெரிய அறையில விட்டுட்டு எந்தக் காவல்காரன்டா குடும்பத்தோட அடுப்பங்கரையில படுப்பான்?"

நாதெலாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் தாழ்ந்த குரலில் கொட்டித் தீர்த்தாள். "ரெண்டு ராத்திரின்னு சொல்லித்தான் கேசினோக்காரன் அனுப்பினான். முதல் ராத்திரி ஜெயிச்ச மகராசன், ரெண்டாம் ராத்திரி மொத்தத்தையும் விட்டுட்டு வந்தார். அதுக்கப்புறம் கேசினோக்காரன் என் போனையே எடுக்கல. தோத்த ஆளு அவனுக்கு எதுக்கு? எனக்கு மட்டும் எதுக்கு? குதாய்சியிலிருந்து என் தங்கச்சி குடும்பம் வந்து அடுப்பங்கரையில கிடக்குது!"

"போகச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள் செவ்கியே.

நாதெலா அவளை ஏதோ கெட்ட வார்த்தை கேட்டவள் போலப் பார்த்தாள். "விருந்தாளியையா? வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்து, போன்னா? என் வாய் அழுகிடாதா?"

"பின்ன?"

"சொல்லாமச் சொல்லிப் பார்த்தோம்மா! எங்க விருந்துல கடைசிக் கோப்பை தேவமாதா பேருக்கு. அதைச் சொல்லிட்டா எல்லாரும் எழுந்து குடிப்போம், நன்றி சொல்லுவோம், கிளம்பிப் போவோம். பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அன்சோர் நேத்து மத்தியானம் தேவமாதா கோப்பையைச் சொன்னார். உன் புருஷன் எழுந்தார், மரியாதையாக் குடிச்சார், உட்கார்ந்து கோப்பையை மறுபடி நீட்டினார். நேத்து ராத்திரி சொன்னார். இன்னிக்குக் காலையில சொன்னார். அஞ்சு தடவை! என் புருஷன் பன்றியையும் விட்டுட்டு, கல்லீரலையும் விட்டுட்டு உட்கார்ந்திருக்கார்!"

ஜும்பெர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. ஜார்ஜியாக்காரன் எவனும் இதில் மாட்டமாட்டான், துருக்கிக்காரன் எவனும் இதைக் கண்டுபிடிக்கமாட்டான். ஐந்து முறை வெளியே போ என்று கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள், ஐந்து முறையும் அவர் நன்றி சொல்லி உட்கார்ந்திருக்கிறார்.

*

பெரிய அறையில் மேசை நிறைய ரொட்டி, சீஸ், மாட்டுக் கறி வறுவல். ஒரு முனையில் அன்சோர், கண்கள் செருகி, ஆறாம் முறையாக தேவமாதாவைக் கூப்பிடுவதற்கு நாக்கைத் தயார் செய்துகொண்டிருந்தார். மறு முனையில் நெஜ்தெத். கோட்டை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலில் கடல் தெரிந்தது. விளம்பரத்தில் அது ஒன்றுதான் நிஜம்.

மனைவியைப் பார்த்ததும் அவர் எழுந்தார். கோப்பையும் கையோடு எழுந்தது.

"செவ்கியே! நீ எப்படி இங்க?"

"லிஃப்ட்ல காசு போட்டு வந்தேன்." அவள் உட்காரவில்லை. "இன்னிக்கு என்ன நாள்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். தெரியாம இருக்குமா? சனிக்கிழமை." நெஜ்தெத் கோப்பையை வைத்தார். "மறக்கல செவ்கியே. அதனாலதான் வரல."

அன்சோர் கூடத் தலையை நிமிர்த்தினார்.

"புதன்கிழமை ஜெயிச்சேன். நெஜமாவே ஜெயிச்சேன். அந்த சந்தோஷத்துல சம்பந்திக்குப் போன் பண்ணிட்டேன். 'பொண்ணோட கார் ஒண்ணு வரும், புதுக் கார்'னு சொல்லிட்டேன். மறுநாள் எல்லாம் போச்சு, போனையும் அணைச்சுட்டேன். இப்போ எந்த மூஞ்சியோட அந்த மனுஷன் எதிர்ல உட்காருவேன்? ஆனா கண்டுபிடிச்சுட்டேன், இதைப் பாரு." நோட்டை நீட்டினார். "மூணு நாளா சக்கரத்துக்குப் பக்கத்துல நின்னு எழுதியிருக்கேன். இன்னிக்கு சாயங்காலம் ஒரே ஒரு தடவை. அவங்க கிட்ட எனக்குக் காய்ச்சல்னு சொல்லிடு. நாளைக்குக் காலையில காரோடவே வர்றேன்."

"எல்லாம் போச்சுன்னா? வீட்டுல இருந்து கொண்டு வந்ததா?"

"அது இருக்கு. அதைத் தொடல. ஜெயிச்சது போச்சு."

"அப்போ என்னதான் போச்சு உங்களுக்கு?" என்றாள் செவ்கியே. "புதன்கிழமை காலையில வீட்டை விட்டுக் கிளம்பும்போது எப்படி இருந்தீங்களோ அப்படியேதான் இருக்கீங்க. ஒரு நாள் கையில இருந்த காசுக்கு ரெண்டு நாள் துக்கம் காக்குறீங்க. அங்க ஒரு பொண்ணு மூணு நாளா வாசலைப் பார்த்துட்டு நிக்குது. அவ கார் கேட்டாளா?"

நெஜ்தெத் ஜன்னலைப் பார்த்தார். "ஒரே ஒரு சாயங்காலம் செவ்கியே. காய்ச்சல்னு சொல்லு."

ஜும்பெர் மக்வாலாவைப் பார்த்தான். தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்று கண்ணாலேயே கேட்டான். மக்வாலா லேசாகத் தலையை ஆட்டித் தடுத்தார். இங்கே துப்பறிய இனி எதுவும் இல்லை, இது அவள் கணக்கு.

செவ்கியே நாற்காலியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தாள். ரொட்டித் துகள்களை உதறினாள். காலரைத் தட்டிச் சரி செய்தாள். இருபத்தாறு வருடமாகச் செய்கிற வேலை, நெஜ்தெத் தடுக்கக்கூட நினைக்கவில்லை. அவள் உள்பையில் கை விட்டு, அவருடைய அடையாள அட்டையை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, பையை மூடினாள். கோட்டை மறுபடி நாற்காலியில் மாட்டினாள்.

"இருந்துட்டு வாங்க," என்றாள். நாதெலாவைக் கட்டிப் பிடித்து, "உங்க சோத்துக்கு நன்றி அக்கா" என்று சொல்லிவிட்டு வாசலை நோக்கி நடந்தாள்.

நெஜ்தெத்துக்கு விளங்கச் சில நொடிகள் பிடித்தன. அட்டையைக் காட்டாமல் எல்லையைத் தாண்ட முடியாது. அது கிடக்கட்டும். அட்டையைக் காட்டாமல் எந்தக் கேசினோவும் உள்ளே விடாது.

"செவ்கியே! அட்டை! ஏய், என் அட்டை!"

படியில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. அவள் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நெஜ்தெத் வீட்டுச் செருப்போடு பின்னால் ஓடினார். அவர் பின்னால் கோட்டும் நோட்டுமாக ஜும்பெர். நோட்டை அவன் மூன்றாம் மாடிக் குப்பைக் குழாயில் போட்டான். கீழே விழுந்த சத்தம் இனிமையாக இருந்தது. மேலே அன்சோர் "பன்றி!" என்று ஆனந்தமாகக் கத்தியதும் கேட்டது. மக்வாலா விலாவை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார்.

*

மூன்றேகாலுக்குக் கார் கிளம்பியது. முன் சீட்டில் செவ்கியே ஏறிக்கொண்டாள். பின் சீட்டில் மக்வாலா பக்கத்தில் நெஜ்தெத், வீட்டுச் செருப்போடு, கசங்கிய கோட்டோடு. சார்பி எல்லையை நோக்கி வண்டி ஓடியது. ஜும்பெருக்குச் சொல்ல நாலைந்து வேடிக்கை தொண்டை வரை வந்தது. செவ்கியேவின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கினான்.

கார் வரிசை மலைத் திருப்பம் வரை நீண்டிருந்தது. ஒன்றரை மணி நேரம் ஊர்ந்த பிறகு காவலரின் கண்ணாடிக் கூண்டு கண்ணுக்குத் தெரிந்தது. இறங்கி நடந்து போகும் வழியில் கூட்டம் குறைவாக இருந்தது. அங்கே இறக்கிவிடச் சொன்னாள் செவ்கியே. நெஜ்தெத் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். தலையைக் கையாலேயே வாரிக்கொண்டார். தொண்டையைச் செருமி, உதடு அசைய ஏதோ சொல்லிப் பார்த்தார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "கொடுத்தோம்... சந்தோஷமா... எங்க பொண்ணைக் கொடுத்தோம்."

"அதை நான் சொல்லிக்கிறேன்," என்றாள் செவ்கியே.

"நீயா?" அவர் சிரிக்கப் பார்த்தார். "அது அப்பன் சொல்ற வார்த்தைடி. பொம்பளை சொன்னா ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். மூணு நாளா அவளுக்கு அப்பன் இல்ல. ஊருக்கே தெரியும். இன்னிக்கு ராத்திரி இல்க்நூர் என் வாயிலிருந்துதான் அதைக் கேப்பா." அவள் கைப்பையைத் திறந்து இரண்டு அட்டைகளையும் எடுத்தாள். இரண்டையும் தானே பிடித்துக்கொண்டாள்.

நெஜ்தெத் நின்ற இடத்திலேயே நின்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. கேசினோவில் எவ்வளவோ விட்டபோதும் அந்த மாதிரி வெளுத்திருக்காது.

"அப்போ நான் என்ன சொல்றது?"

"'வாங்க, உட்காருங்க'ன்னு சொல்லுங்க," என்றாள் செவ்கியே. "போதும்."